அறுபத்தொன்றாம் சேதி

பீர்மேட்டுத் தேயிலை ஃபாக்டரியின் மாடி ஆபீஸில், சன்னலை ஒட்டி, ஒரு டெலிப்பிரிண்டர் இருந்தது. தட்டச்சு மெஷினுக்கும் தையல் மெஷினுக்கும் பிறந்தது போன்ற உருவம். பாலக்காட்டில் ஒருவர் தட்டினால் இங்கே காகிதச் சுருளில் எழுத்து விழும். சேதி தொடங்கும் முன் அதன் உள்ளே ஒரு மணி நாலு தடவை அடிக்கும். கீழேயிருந்து கொழுந்து வாடுகிற வாசனையும் உருளைகளின் சத்தமும் ஏறி வந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் தாண்டி அந்த மணி மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அது அடித்ததும், விருந்துக்கு இலை போட்ட சத்தம் கேட்டவன் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். ஒரே ஒரு நாள் மட்டும், அதே மணி அடித்ததும் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபம் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்பதில் மட்டும் போன மாதம் ஒரு மாற்றம் வந்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் நான் நடத்துகிற கம்ப்யூட்டர் டைப்பிங் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாலும் சரி, கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தாலும் சரி, சிரித்துவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் கோபம் வருமா என்று என் மனைவிக்கே சந்தேகம். அப்படிப்பட்டவனிடம் போன மாதம் ஒரு கல்லூரி மாணவன் ப்ராஜெக்ட் அடிக்க வந்தான். வீட்டிலேயே ஆட்கள் எழுதிய புல்லட்டின் போர்டு, அதாவது கம்ப்யூட்டரிலேயே சேதி குத்திவைக்கிற பலகை, அந்த சாஃப்ட்வேர் பற்றிய கட்டுரை. "அங்கிள், இன்டர்நெட்டுக்கு முன்னாடியே அமெரிக்காவுல இது வந்துருச்சு. நம்ம பக்கத்துல அப்ப மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றான். நான் வழக்கம்போல மாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட்டு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு ஒரு பக்கம்கூட அடிக்க முடியவில்லை.  மாடு மேய்த்துக்கொண்டிருந்தோமாம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் எங்கள் கம்பெனிக்குப் பாலக்காட்டில் பெரிய ஆபீஸும், பீர்மேட்டில் தோட்டமும், தமிழ்நாட்டு எல்லையில் வேலந்தாவளத்தில் லாரிகள் நிற்கிற ஒரு டிப்போவும் இருந்தன. மூன்று இடத்தையும் வாடகைக்கு எடுத்த ஒரு டெலிப்பிரிண்டர் கம்பி இணைத்தது. பெரிய ஆபீஸில் இரண்டு பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். தினசரி எத்தனை கிலோ கொழுந்து வந்தது, எத்தனை பெட்டி போனது என்று கூட்டிச் சொல்வதற்காக வாங்கியது. அதற்குத் துளை நாடா, அதாவது எழுத்தையும் எண்ணையும் துளைகளாகக் குத்தின காகித நாடா, அடித்து ஊட்டுகிற வேலையில் ஓர் அக்கா இருந்தார். பஞ்ச் ஆபரேட்டர் என்பது பதவி. முதலமடைப் பக்கம் விவசாயக் குடும்பம், கணக்கில் பட்டம் வாங்கியவர். பீர்மேட்டு டெலிப்பிரிண்டர் ஆபரேட்டராகச் சேர்ந்ததும் இரண்டு வாரம் பயிற்சிக்காக நான் அங்கே போயிருந்தபோது, மதிய சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தூக்குப்போசியைத் திறந்தால் அவர் பழுப்புக் காகிதத்தில் கட்டம் போட்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூலை மடங்கிய ஓர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் பத்திரிகை. ஆபீஸில் யாருடைய மருமகனோ கொண்டுவந்தது.

அதில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பனி கொட்டி ஊரே அடைபட்டுக் கிடந்த நாட்களில் வீட்டிலிருந்த சில்லறைச் சாமான்களையும் சொந்தமாக எழுதிய ப்ரோகிராமையும் வைத்து ஒரு பலகை செய்தார்களாம். அவர்கள் சங்கத்தில் ஒரு தக்கைப் பலகை இருந்தது. 'டயர் விற்பனைக்கு', 'என்னை வண்டியில் கூட்டிப்போக யார் வருகிறீர்கள்' என்று சீட்டு எழுதிக் குத்திவைப்பார்கள். அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்தால் என்ன என்பதுதான் யோசனை. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து ஃபோன் போட்டுப் பலகையைப் படிக்கலாம், எழுதலாம். அக்கா எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "நம்முளுது கேன்டீன் வாசல்ல பச்சைத் துணி போட்டுத் தொங்குதுங்க தம்பி. ஆனா அதுல ஆபீஸ் மட்டுந்தான் குத்துது. மத்தவிய குத்துனா அடுத்த நாளு காணோம்."

ஃபோனுக்கு நாங்கள் எங்கே போவது? பாலக்காட்டிலிருந்து பீர்மேட்டுக்கு ட்ரங்க் கால் பதிந்துவிட்டு, தூங்கி எழுந்து குளித்துவிட்டு வந்தாலும் கிடைத்திருக்காது. அக்கா நாடாவை வைத்தே பலகையைக் கட்டினார். பீர்மேட்டிலும் வேலந்தாவளத்திலும் சேதி எழுதுகிறவர்கள் பகல் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். பாலக்காட்டில் அது துளை நாடாவாக விழும். அந்த நாடாவை அவர் கம்ப்யூட்டருக்கு ஊட்டுவார். அது ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, எழுதியவர் பெயர், தேதி, தலைப்பு என்று அடுக்கி, மொத்தப் பலகையையும் இன்னொரு நாடாவாகத் துப்பும். நாலு மணிக்கு அது எல்லா இடத்துக்கும் திரும்பிப் போகும். கடைசியில் எங்கள் மெஷின் தன் பெயரைத் தானாகவே திருப்பி அனுப்பும். அது வந்துவிட்டால் சேதி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் வரும். அதிலேயே தமிழை அடித்தோம். ஒரு சேதிக்கு ஏழு வரிக்கு மேல் இடம் கிடையாது. கம்ப்யூட்டரின் மூளை அவ்வளவு சின்னது. எட்டாவது வரி எழுதினால் விழுங்கிவிடும்.

இவற்றில் முக்கால்வாசி அமெரிக்காக்காரர்கள் செய்ததுதான். இரண்டு விஷயத்தை அவர் தன் பாணியில் வைத்தார். ஒன்று, சேதியை அழிக்க எழுதினவரால் மட்டுமே முடியும். எழுதும்போது அவர் கொடுத்த ரகசியச் சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் போகும். பெரிய ஆபீஸின் பெரிய மேனேஜரே கேட்டாலும் போகாது. இன்னொன்று, பதில் கேட்கிற சேதிக்குப் பதில் வராவிட்டால் அது பழையதாகிக் கீழே இறங்காது. மறுநாள் பலகையின் உச்சியில் ஏறி உட்காரும். அதற்கு மறுநாளும். யாராவது பதில் போடுகிறவரை அங்கேயேதான். "பதிலில்லாத சேதி கீழ போகக் கூடாதுங்க. கெணத்துல போட்ட கல்லாப் போயிரும்" என்று அவர் சொன்னபோது, இது ஏதோ கம்ப்யூட்டர் நுணுக்கம் என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்த ஒரு வரி ப்ரோகிராமுக்குள் எவ்வளவு பெரிய வெடி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தோட்டத்தில் அந்தக் காகிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு. மெஷினிலிருந்து வருகிற எதுவும் பெரிய ஆபீஸ் உத்தரவு. அதைக் கிழித்து மஸ்டர் சூப்பர்வைசரிடம் கொடுத்தால், மறுநாள் காலை ஆறு மணிப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற அந்தக் கூட்டத்தில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்கப் படிப்பார். தடுமாறாமல் படிப்பார், அர்த்தம் பார்க்க மாட்டார். பலகை வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. வேலந்தாவளம் டிரைவர் ஒருத்தர் சந்தையில் வாங்கிய எருமையை விற்கப் போகிற சேதி எங்கள் பெரட்டில் உத்தரவு மாதிரி வாசிக்கப்பட்டது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் சிரித்து விழுந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறி வரத் தொடங்கினார்கள். கூரை ஒழுகுகிறது, எழுது. பிள்ளைக்காப்பகத்தில் பால் தண்ணியாக இருக்கிறது, எழுது. நானும் கிளார்க்குகளும் யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் அடித்துக் கொடுப்போம். இதற்கு முன் இதெல்லாம் தோட்டத்து மேனேஜரின் மேசையோடு நின்றுவிடும். மேனேஜரை நாங்கள் துரை என்போம். வெள்ளைக்காரர் போய், கோட்டயத்துக்காரர் வந்தும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

அறுபத்தொன்றாம் எண் சேதியைச் சொன்னது என் மதினி, அண்ணன் மனைவி. அப்போது ஏழு மாதம். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து, "எழுதும் கொழுந்தனாரே" என்றாள். பெயர் என்ற இடத்தில் ஆபரேட்டரின் மதினி என்று போட்டு நான் அடித்தேன். 'லயத்தில் உள்ள பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆஸ்பத்திரி போக ஜீப் வேண்டும். துரையின் நாய் போகிற ஜீப்பே போதும். நாய் இறங்கின பிறகு கொடுத்தாலும் போதும். பதில் வேண்டும்.' ரகசியச் சொல் என்ன என்று கேட்டேன். என் காதில் சொன்னாள். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வாய் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

துரையின் நாய் ஜீப்பில் முன் சீட்டில்தான் போகும். காதில் சீழ் பிடித்தால் கோட்டயம் டாக்டரிடம் போகும். எங்கள் பெண்கள் வலி எடுத்தால் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரிக்காகக் காத்திருக்க வேண்டும். அது கிளம்பும்போதுதான் கிளம்பும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் பெரட்டில் முதல் சேதியாக, சூப்பர்வைசரின் உத்தரவுக் குரலில், நாய் இறங்கின பிறகு கொடுத்தாலும் போதும் என்று வாசிக்கப்பட்டது. பத்தொன்பது நாள். துரை அதை அழிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டார். ரகசியச் சொல்லைச் சேர்க்காமல் அழி என்று அனுப்பினேன். நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் பதில் அடித்தது: எழுதினவர் மட்டும். அதுவும் பலகையோடு சேர்ந்து வந்ததால் மறுநாள் பெரட்டில் வாசிக்கப்பட்டது. அந்தக் காலை லயத்துப் பெண்கள் முகத்தில் பார்த்த சிரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துரையின் முகத்தை நான் பார்க்கவில்லை; குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் நான் வருகிறேன், கோமாளி. ஒரு புதன்கிழமை நாய் மறுபடி ஜீப்பில் கோட்டயம் போவதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், நான் ஜோக் அடிப்பேன். பெயர் என்ற இடத்தில் துரை என்று போட்டு ஒரு சேதி அடித்தேன். 'நாளை என் நாயின் பிறந்தநாள். பெரட்டுக்கு வருகிறவர்கள் பங்களா வாசலில் நாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். முழு நாள் விடுமுறை.' அக்காவைச் சிரிக்க வைப்பதுதான் திட்டம். ஊட்டுவதற்கு முன் பார்ப்பார், சிரிப்பார், எடுத்துவிடுவார். தப்பித்தவறி வந்துவிட்டால் நாலு மணிக்கு நான் அந்தத் துண்டைக் கிழித்துவிடலாம். இப்படி இரண்டு பூட்டுப் போட்ட நிம்மதியில் வண்டிப்பெரியாருக்கு மேட்னி ஷோ பார்க்கப் போனேன். அக்கா யாருடைய சேதியையும் ஊட்டுவதற்கு முன் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்து எடுக்கிறவர் பலகை எதற்குக் கட்ட வேண்டும்? நான் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஷின் அடித்து முடித்தது. சூப்பர்வைசர் தானே மாடி ஏறி வந்து, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அதை அவர் வாசித்தார், அறுபத்தொன்றுக்கு அடுத்தபடியாக, துளி சிரிப்பில்லாமல்.  பிறகு மதினி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "உத்தரவாச்சே, வாங்கடி" என்றாள். தோட்டத்தின் இரண்டு டிவிஷன் ஆட்களும் வரிசையாகப் பங்களா ஏறினார்கள். துரை இடுப்பில் கட்டின சாரத்தோடு வெளியே வந்தபோது, பெண்கள் ஒவ்வொருத்தியாக நாய்க்கு முன்னால் நின்று இரண்டு கையும் கூப்பி, "நல்லாயிருங்க, ஜீப்புல நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாய்க்கு ஒரே சந்தோஷம், வாலை நிறுத்தவேயில்லை. கொழுந்து முற்றுகிற பருவத்தில் ஒரு நாள் முழுக்க ஒரு கூடைகூட நிறையவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியாவது அது நிஜ உத்தரவு என்று நம்பியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

என் பயத்தைப் பற்றி எழுத வேண்டும். அது கொஞ்சம் விஸ்தாரமான பயம். முதலில் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்து, எதற்குப் போனேன் என்று மறந்து மறுபடி போனேன். மீசையை எடுத்துவிட்டால் அடையாளம் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவே இல்லை. கம்பம் வழியாக நடந்தே திருநெல்வேலி போய்விட்டால் அங்கே தாத்தா ஊரில் யாராவது சோறு போடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் மூளை வந்து, சேதியை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரகசியச் சொல் வேண்டும். என் ரகசியச் சொல் என் பெயர்தான். அதை மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் வேறு யார் பெயராகவோ விழுந்தது. சொந்தப் பேரையே அடிக்கத் தெரியாத டைப்பிஸ்டை அந்த மலை அன்றைக்குத்தான் பார்த்தது.

பகல் மூன்று மணி வாக்கில் துரை மாடிக்கு வந்தார். கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. "இது ஆரு எழுதியது? நீயா?" என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "பாலக்காட்டுலருந்துதான் வந்துச்சுங்கய்யா."

பொய் இல்லை. காகிதம் பாலக்காட்டிலிருந்துதான் வந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் இன்னொருத்தர் கழுத்தில் கயிற்றை மாட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இருபத்துமூன்று வயதிலேயே வாய்த்திருந்தது. துரை கீழே போய் பெரிய ஆபீஸுக்கு ட்ரங்க் கால் பதிந்தார்.

நாலு மணிக்கு மணி அடித்தது. தலைப்பு வரி விழுந்தது: பீர்மேடு ஆபரேட்டர் கவனிக்கவும். அவ்வளவுதான் படித்தேன். ட்ரங்க் கால் கிடைத்துவிட்டது, விசாரணை வந்துவிட்டது, என் பெயர் வரப்போகிறது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். மெஷின் அடிக்க அடிக்கக் காகிதம் நீண்டுகொண்டே வந்தது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மெஷின் தன் பெயரைத் திருப்பி அனுப்பி ஓய்ந்ததும் மொத்தத்தையும் கிழித்துச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்து, படியில் இறங்கி, தேயிலை உலர்த்துகிற அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டேன். அடுப்புக்காரர் என்ன என்று கேட்டார். பழைய காகிதம் என்றேன். எரிந்து முடிகிறவரை நின்று பார்த்தேன். அதன் பிறகு எனக்குப் பசி எடுத்தது, போய் இரண்டு வடை தின்றேன்.

வெள்ளிக்கிழமை பலகை வரவில்லை. அதற்குப் பதில் நாலே வரி: இன்று முதல் கம்பி உத்தரவுகளுக்கு மட்டும். பெரிய ஆபீஸில் அக்காவிடம் யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். பீர்மேடா, வேலந்தாவளமா, ஆபீஸிலேயே ஒருத்தரா. யார் எழுதுகிறார்கள் என்று பலகை கேட்காது, நான் அப்படித்தான் கட்டினேன் என்று அவர் சொன்னாராம். அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் எழுதிய ப்ரோகிராமை மட்டும் அனுப்பவில்லை. எண் போடுவது, தேதி போடுவது, எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது எல்லாம் அப்படியே இருந்தன. எழுதினவர் மட்டும் அழிக்கலாம் என்ற வரியும், பதிலில்லாதது மேலே ஏறும் என்ற வரியும்தான் போயின. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தக் கம்பெனி அதை வைத்து உத்தரவு போட்டது. ஒரு மனுஷியின் மூளையை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த நியாயத்தை மட்டும் அறுத்து வீசிவிட்டார்கள். அந்த நாய்க்குச் செய்த வைத்தியத்தில் பாதி நேர்மை இதில் இல்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை மதினிக்கு வலி கண்டது. நாள் இருந்தது, முன்னாலேயே வந்துவிட்டது. அண்ணன் ஓடிப்போய் ஜீப் கேட்டான். உத்தரவு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். லாரி சாயங்காலம்தான் கிளம்பியது. தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்துப் படுக்க வைத்து, குட்டிக்கானம் வளைவு இறங்குவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலுக்கு மதினி மட்டும்தான் உயிரோடு போய்ச் சேர்ந்தாள்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டு மலை இறங்கினேன். அதற்குப் பிறகு துரையைத் திட்டாத நாள் கிடையாது. கம்பெனியைத் திட்டினேன், நாயைக்கூடத் திட்டினேன். என்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டேன், ஆனால் அது ஒரு சௌகரியமான திட்டு: என் விளையாட்டால் பலகை போயிற்று, எப்படியும் அவர்கள் அதை ஒரு நாள் மூடத்தான் போகிறார்கள், நான் கொடுத்தது ஒரு சாக்கு மட்டும்தான். இந்தச் சமாதானத்தில் இருபது வருஷம் ஓட்டினேன்.

அந்த மாணவன் போன மறுநாள் முதலமடைக்கு பஸ் ஏறினேன். விசாரித்ததில் மாந்தோப்பு ஒன்றில் அக்கா கிடைத்தார். தலை நரைத்திருந்தது. லாரிக்கு மாங்காய் ஏற்றுகிறவர்களிடம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தார். "பீர்மேட்டுத் தம்பியா? வாங்க, உக்காருங்க. தொப்பை வந்துருச்சுங்களே" என்றார். மோர் கொடுத்தார். மாணவனுக்காகக் கேட்பதுபோல் பலகையைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் நினைவிருந்தது. ஏழு வரி எதற்கு, எட்டாவது வரிக்கு எத்தனை இடம் போதவில்லை என்பதுவரை சொன்னார். பிறகு நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். நாய்ச் சேதி நான் எழுதியது என்று.

"தெரியுமுங்க" என்றார். "நாடா எங் கையில இருந்துச்சு. உங்க ஊர் மெஷின் பேரு மொதல் வரியிலயே இருந்துச்சு. பழைய காயிதக் கட்டுல போட்டுட்டேன். நீங்க சொன்னதும் எனக்கு வந்து சேர்ந்துதுங்க, பாலக்காட்டுலருந்து வந்துச்சுன்னு."

"கோவம் இல்லீங்களாக்கா?"

"இல்லாம என்னங்க? ஒரு வாரம் பார்த்தேன், ஒரு காயிதமாச்சும் போடுவீங்கன்னு. ஊட்டுல கேக்கறவியளுக்குப் பதில் சொல்லி மாளலை. அப்புறம் தோப்புல மாம்பூ எடுத்துருச்சு, வேலைக்கு நேரம் பத்தலை. இப்பவும் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்." மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஆனா ஒண்ணுங்க தம்பி. வேலை போனதுக்கு முந்தின நாளு உங்க மதினிக்குப் பதில் வாங்கிக் குடுத்துட்டேனே, அது போதுமுங்க எனக்கு. ஜீப்பு ஒழுங்கா ஓடுச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அந்த வியாழக்கிழமை காலையில், நாய் விவகாரம் பாலக்காட்டுக்குத் தெரிவதற்கு முன்னால், பெரிய மேனேஜர் கம்ப்யூட்டர் அறைக்கே வந்தாராம். "அந்த அறுபத்தொண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிக்குதும்மா. ஜீப் கொடுத்தாச்சுன்னு போட்டுரு" என்றாராம். அக்காவே அதை அடித்தாராம். திங்கட்கிழமை முதல் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஜீப், எந்த நேரமும், துரையைக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேலே, எனக்காகத் தனியாக ஒரு வரி போட்டார். பீர்மேடு ஆபரேட்டர் கவனிக்கவும், இதை நீங்களே நேரில் போய் மதினியிடம் சொல்லவும்.

"ஏனுங்க? வந்து சேரலீங்களா? உங்க மெஷினு பேரு திருப்பி அனுப்புச்சே."

அடுப்பைப் பற்றிச் சொன்னேன். லாரியைப் பற்றியும் சொன்னேன். என்னையறியாமல் நடுவில் ஒரு ஜோக் சொல்ல வாய் போனது, வடை தின்றதைப் பற்றி. பாதியில் நின்றது. அக்கா எழுந்துவிட்டார். லாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.  பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க ஆவப் போவுது? நேர்ல போய்ச் சொல்லச் சொல்லித்தான அன்னைக்கே அடிச்சேன். போங்க தம்பி."

அங்கிருந்தே பீர்மேடு போனேன். இரண்டு நாள் ஆயிற்று. நடுவில் கோட்டயத்தில் ஒரு நாள் லாட்ஜில் படுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. மதினி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். அண்ணன் தவறிப்போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வாசலில் உட்கார்ந்து சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன கொழுந்தனாரே, சொல்லாம கொள்ளாம. கடையில எவளாவது விரட்டிட்டாளா?" என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நாய்ச் சேதி, துரையிடம் சொன்ன வார்த்தை, நாலு மணி, அடுப்பு. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லாததால் நிறைய நேரம் பிடித்தது.

கத்தி நின்றிருந்தது. "அப்ப பதில் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு மதினி."

"நான் இத்தன வருசமும் அந்தத் தொரையத்தான் வஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். செத்துட்டாருன்னு சொன்ன அன்னைக்கும் வைதேன்." நறுக்கின துண்டுகளைத் தட்டில் ஒதுக்கினாள். "எந்தக் கெழமையிலருந்து ஜீப்புன்னு போட்டிருந்துச்சாம்?"

"திங்கக்கெழமை."

அவள் விரல் மடக்கி எண்ணவில்லை, அதற்குத் தேவை இருக்கவில்லை. "எனக்கு வலி கண்டது புதன்" என்றாள். கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் வாசலில் அப்படியே நின்றேன்.